கதவை மூடிக்கொண்டு வந்து திரும்பிய பஸ்

1

இதை எழுத வேண்டும் என்று நினைத்தது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல. ஊரை விட்டு வந்த முதல் வருஷமே நினைத்தேன். எழுத உட்காருவேன், தங்கை ஜெயமேரி போனில் சொன்னது காதில் விழும். "நீ அங்கிட்டு உக்காந்து எழுதிட்டுப் போயிருவண்ணே. நாளைக்கு ஊருக்குள்ள ரேஷன் கடைக்கு நான்ல போகணும்." பேனாவை மூடி வைத்துவிடுவேன். பிறகு பயத்தோடு சோம்பலும் சேர்ந்துகொண்டது. வருஷங்கள் போய்விட்டன.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்தாவது வரை மிஷன் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு லாரி, டவுன் பஸ். இப்போது மால்டா என்கிற சின்னத் தீவில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறேன். இங்கும் பஸ்தான் ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. அதற்கு ஆண்டவர் சாட்சி.

இப்போது எழுத வைத்தது ஒரு வீடியோ. எங்கள் சவேரியார் காலனிக்கு மறுபடியும் பஸ் விடுகிறார்களாம். அதற்கு ஒரு விழா. கோயில் பொட்டலில் பந்தல், ஒலிபெருக்கி, சால்வைகள். ஆளுங்கட்சிக்காரர் ஒருவர், நேற்று வரை வேறு கட்சியில் இருந்தவர், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "இந்த பஸ் ஏன் நின்னுச்சு தெரியுமா? உங்க ஆளு ஒருத்தன்தான் டிரைவரா இருந்தான். போட்டது போட்டபடி பஸ்ஸ விட்டுட்டு வெளிநாட்டுக்கு ஓடிட்டான். ரூட்டு போச்சு. அதை மீட்டுத் தந்தது யாரு? எங்க கட்சி!"

எங்கள் ஆட்களே கைதட்டுகிறார்கள். பாதிப் பேர் சின்னப் பிள்ளைகள், நடந்தது தெரியாது. மீதிப் பேருக்குத் தெரியும். ஆனால் முன்வரிசையில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் மகன் ஆல்பின் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் என்றால் சோறு, குழம்பு, தூக்கம், மற்றதெல்லாம் இங்கிலீஷ். அன்றைக்கு மட்டும் ஒரு சொல் பிசகாமல் தமிழில் கேட்டான்: "அப்பா, அந்த டிரைவர் நீங்கதானே? நீங்க ஓடிட்டீங்களா?"

2

முதலில் இங்கே என் பிழைப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்கு ஓடியவன் சுகமாக இருக்கிறான் என்று நினைப்பவர்களுக்காக.

இங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. வந்த புதிதில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் ஏறி முடித்த பிறகும் நான் உட்கார்ந்தே இருப்பேன். விசில் வரட்டும் என்று. யார் அடிப்பார்கள்? பின்னால் இருந்தவர்கள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மதுரையில் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, ரெண்டு விசில் அடித்தால் கிளம்பு. அது காலுக்கே தெரியும், தலைக்குப் போக வேண்டியதில்லை. ஒருநாள் காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மா இறங்குவதற்காகப் பெல்லை அமுக்கினார். வேகத்தைக் குறைத்தேன். எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை அமுக்கினார். ரெண்டாச்சா? என் கால் ஆக்சிலேட்டரில் ஏறிவிட்டது. அவருடைய ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் இறக்கினேன். அவர் திட்டியது மால்டா பாஷையில். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ராகம் அப்படியே சிம்மக்கல் மார்க்கெட்.

பெயரிலும் தகராறு. என் பெயர் இன்னாசி, அப்பா பெயர் சூசை. இங்கே குடியிருப்பு அட்டையில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எனக்குச் சூசை என்று விழுந்தது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இன்னாசி என்று விழுந்தது. ஆக அவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம், நான் மட்டும் வெளியாள். ஒவ்வொரு தடவை அட்டை புதுப்பிக்கப் போகும்போதும் கவுண்டரில் இருக்கும் பெண் என்னையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். இவர்களை உனக்கு எப்படித் தெரியும் என்பது போல ஒரு பார்வை. நானும் பூசைக்குப் போகிற மாதிரி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்ப் பணிவாக நிற்பேன்.

மகள் சகாயா ராத்திரி செபமாலையில் மங்கள வார்த்தையைப் பாதி தமிழில் தொடங்கி, மீதியை இந்த ஊர்ப் பாஷையில் முடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். மாதா எந்தப் பாஷையிலும் கேட்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரே மணியை உருட்டும்போது மகள் வேறு எங்கோ இருந்து சொல்வது போல் இருக்கும். எதற்கெடுத்தாலும் "மெலா" என்கிறாள். நம் ஊரில் "அப்பச் சரி" என்கிற மாதிரி. என் மனைவியும் இப்போது மெலா போடுகிறாள்.

இந்த ஊர் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கோடையில் சுற்றுலாக்காரர்கள் பஸ்ஸில் பிதுங்குவார்கள். நிறுத்தாமல் போனதற்காக நான் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. மந்திரிமார் இங்கேயும் புது பஸ் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்கிறார்கள். ஆனால் மந்திரிக்கு நாள் குறிக்கும் வரை பஸ் ஓடாமல் நிற்பதை நான் இங்கே பார்த்ததில்லை. அந்தக் கலை நம் பக்கத்து ஆட்களுக்குத்தான் வரும்.

3

உசிலம்பட்டி ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போனால் கருவேலம்பொட்டல். அது ஊர். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் காலனி. எங்கள் பெரியவர்கள் ஊர்க்காரர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது வாத்தியார், நர்ஸ், கொத்தனார், டிரைவர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஊருக்குள் தெரு குறுகல். பஸ் திரும்ப முடியாது. அதனால் பழைய டவுன் பஸ் காலனி வரை வந்து, சவேரியார் கோயில் பொட்டலில் வட்டமடித்துத் திரும்பும். அங்கிருந்தே நாங்கள் ஏறுவோம். பிறகு ஊர், அப்புறம் மெயின் ரோடு, காளவாசல், பெரியார், சிம்மக்கல்.

இதில் ஒரு பெரும் குற்றம் இருந்தது. பஸ் ஊருக்குள் போகும்போது சீட்டில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அவ்வளவுதான். வேறு எந்தக் குற்றமும் இல்லை. ஊர்க்காரர்கள் நிற்கும்படியும் நாங்கள் உட்கார்ந்திருக்கும்படியும் ஒரு பஸ்ஸின் வழி அமைந்துவிட்டது. இதைத் தாங்க முடியாமல் எத்தனை மனு, எத்தனை தூது! வெளியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "பஸ் லேட்டாகுது", "ரோடு சரியில்ல", "டீசல் வீண்" என்று சொல்லுவார்கள்.

என் தங்கை ஜெயமேரிக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. சிம்மக்கல்லில் ஒரு பாத்திர மொத்தக் கடையில் வேலை பார்க்கிறாள். காலனியில் ஏறினால் அவளுக்குச் சீட் கிடைக்கும். ஊர் வரை நடந்து போய் ஏறினால் கிடைக்காது. சிம்மக்கல் வரை நின்றுகொண்டு போக அந்தக் காலால் முடியாது. அந்த வேலைதான் அவளுக்கு எல்லாமும். கல்யாணம் வேண்டாம் என்று நிமிர்ந்து சொன்னது அந்த வேலையை வைத்துத்தான். அது போனால் அவள் யார் வீட்டிலாவது மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் சில ரூட்டுகளை ஒப்பந்தக்காரர்களுக்கு விட்டார்கள். வழியைப் போக்குவரத்து அலுவலகம் சொல்லும், வண்டியை ஒப்பந்தக்காரர் ஓட்டுவார், கிலோமீட்டருக்கு இம்புட்டு என்று வாங்கிக்கொள்வார். எங்கள் ரூட்டை எடுத்தவர் ஒன்றியத்தில் செல்வாக்கான ஒருவருடைய மைத்துனர். ஒப்பந்தத் தாளில் கடைசி நிறுத்தம் "கருவேலம்பொட்டல்" என்று எழுதினார்கள். காலனி என்ற வார்த்தையே இல்லை. எவ்வளவு நாகரிகமான ஆட்கள் பாருங்கள்! யாரையும் ஒதுக்கவில்லை, ஒரு வார்த்தையை எழுதவில்லை, அவ்வளவுதானே.

புது பஸ்ஸை வாழைமரம் கட்டி ஊர் மந்தையில் நிறுத்தினார்கள். கொடியசைக்க வர வேண்டியவருக்கு நாள் ஒத்துவரவில்லை. ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் காதுகுத்து, ஒரு வாரம் மாநாடு. பஸ் நின்றது. வாழைமரத்தை ஆடு தின்றது. கடைசியில் வந்தார், மேடையில் ஏறிக் கொடியை அசைத்தார், நான் சாவியைத் திருப்பினேன். பேட்டரி செத்துக் கிடந்தது. வெள்ளை வேட்டிகள் எல்லாம் சேர்ந்து பின்னால் தள்ளினார்கள். "தள்ளுங்கய்யா, கட்சி வளர்ச்சிக்குத் தள்ளுங்க!" என்று கண்டக்டர் பாண்டி என் காதோடு சொன்னான். மேடையில் இருந்தவர், பஸ் நகரும் வரை கொடி அசைப்பதை நிறுத்தவில்லை. பாவம், கை வலித்திருக்கும்.

4

ஆமாம், அந்த பஸ்ஸுக்கு டிரைவர் நான்தான். எனக்கு ஏன் அந்த ரூட்டைக் கொடுத்தார்கள் என்று முதல் நாளே புரிந்துவிட்டது. ஒப்பந்தக்காரருடைய மேஸ்திரி, டயர் கடை வைத்து நொடித்த ஒரு ஆள், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்னாசி, வண்டிய ஊர்ல நிறுத்தி ஆள எறக்கிரு. அப்புறம் கதவச் சாத்திக்க. காலனிக்குப் போ, பொட்டல்ல திருப்பு, ஊருக்கு வந்து கதவத் தொற. வெளங்குச்சா?"

"அண்ணே, காலனி வரைக்கும் வண்டி வருது. கதவத் தொறந்தா என்ன?"

"அங்க ஸ்டாப் இல்லப்பா. திருப்புறதுக்குத்தான் போற. ஏத்துறதுக்கு இல்ல."

"எங்க ஆளுக நிப்பாங்கண்ணே."

"அதுக்குத்தான உன்னயப் போட்டது. உங்க ஆளு ஓட்டுனா உங்க ஆளுக மறிக்க மாட்டாங்கள்ல?" என்று சிரித்தார். தன் புத்தியை நினைத்துத் தானே மெச்சிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். காலியான ஒரு பஸ் எங்கள் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஜனம் அங்கே நிற்கும். கதவை இறுக்கிச் சாத்திக்கொண்டு அவர்கள் முன்னால் ஒரு வட்டம் சுற்றிப் புழுதியை இறைத்துவிட்டுக் காலியாகவே திரும்ப வேண்டும். அந்த ஜனம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்து ஊருக்கு வந்து, ஊர்க்காரர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு ஏற வேண்டும். இதற்குப் பெயர் பொதுப் போக்குவரத்து.

நான் கதவைத் திறந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. பொட்டலில் ஜெயமேரி தூக்குச்சட்டியோடு நிற்கிறாள். பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு திருப்பிவிட்டு, சாயங்காலம் எந்த வீட்டுக்குச் சோறு தின்னப் போவேன்?

"அண்ணே, போட்டுக் குடுத்துருவாய்ங்க" என்றான் பாண்டி.

"குடுக்கட்டும் மாப்ள. நீ டிக்கெட்டக் கிழி."

போட்டுக் கொடுத்தார்கள். மேஸ்திரி முதலில் கெஞ்சினார்: பழங்காநத்தம் பக்கம் நல்ல ரூட் தருகிறேன், தார் ரோடு, வீட்டில் நிம்மதி. அதற்கப்புறம் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கோயில் வாசலில் என்னை நிறுத்தி, "என்னய்யா இன்னாசி, பஸ்ஸு ஒங்கப்பன் வாங்குனதா?" என்றார். "இல்லங்க, உங்கப்பாவும் வாங்கலையே" என்று சொல்லிவிட்டேன். வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. அந்த வாரமே "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்கள். தாள் எதுவும் இல்லை. வாயால் வைத்த வேலை, வாயால் போனது.

அந்த ஆட்களைப் பகைத்த டிரைவருக்கு மதுரையைச் சுற்றி யார் ஸ்டியரிங் கொடுப்பார்கள்? வீட்டுப் பொருளை விற்று, ஏஜென்ட்டைப் பிடித்து, முதலில் வளைகுடா, அங்கிருந்து இந்தத் தீவு. இதைத்தான் ஓடினான் என்கிறார்கள்.

5

ரூட் ஏன் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நான் போன பிறகும் பஸ் ஓடியது. புது டிரைவர் சொன்னதைச் செய்தார். நிறுத்தியது நானும் அல்ல, அவரும் அல்ல, ஒப்பந்தக்காரருடைய பேராசை.

ஊருக்கும் காலனிக்கும் இடையில் பஸ் போய் வருகிறதல்லவா, அந்தத் தூரத்துக்கும் எனக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொடு என்று அலுவலகத்திடம் கேட்டார். அலுவலகம், ஒப்பந்தத்தில் கடைசி நிறுத்தம் ஊர்தான், அதற்கு மேல் நீ போனால் அது உன் பாடு என்றது. அவர் கோர்ட்டுக்குப் போனார். அங்கே அவர் வக்கீல் மூலம் சொன்னது என்ன தெரியுமா? பஸ் தினமும் காலனி வரை போகிறது, காலனி மக்களின் நலனுக்காகவே போகிறது!

நான் பாண்டியிடம் போனில் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அதே தார், அதே புழுதி. காசு கேட்கும்போது பஸ் காலனிக்கு வந்தது. ஆள் ஏறும்போது வரவில்லை.

இரண்டு பக்கமும் விடவில்லை. கோர்ட் தடை போட்டது, ரூட்டே நின்றது. அப்போதுதான் ஊர்க்காரர்களும் வெயிலில் மெயின் ரோடு வரை நடந்தார்கள். சீட்டில் யாரும் இல்லை, ஏனென்றால் பஸ்ஸே இல்லை. அதிலாவது திருப்தி கிடைத்ததா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

நான் போய்க் கதவு மூடிய நாளிலிருந்தே ஜெயமேரி பழங்காநத்தத்தில் எங்கள் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் ஆட்டோ பிடித்துக் காலனிக்கு வருவாள். சித்தி நல்லவர்தான். ஆனால் சொந்த வீடு இருந்தும் அடுத்தவர் வீட்டில் குளிக்கக் கேட்டுவிட்டுப் போவது எப்படி இருக்கும் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தினமும் அவளுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். பஸ்ஸுக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

6

இப்போது ஆட்சி மாறியிருக்கிறது, ஒப்பந்தக்காரர் மாறியிருக்கிறார். விழா இந்தத் தடவை காலனியிலேயே நடந்தது. தேர்தல் வருகிறது, எங்களுக்கும் ஓட்டு இருக்கிறது. கொடியசைத்தார்கள். தலைவர்கள் எல்லோரும் எங்கள் பொட்டலில் ஏறி, ஊர் டீக்கடை வரை பயணம் செய்து, இறங்கி, கார்களில் போனார்கள்.

மறுநாள் காலையில் நடந்ததை ஜெயமேரி போனில் சொன்னாள். சித்தி வீட்டிலிருந்து துணிமணியோடு முதல் நாளே காலனிக்கு வந்துவிட்டாள். பொட்டலில் எல்லோரும் நின்றார்கள். பஸ் வந்தது. கதவு மூடியிருந்தது. வட்டமடித்தது. போய்விட்டது.

கொடியை மாற்றினார்கள், கட்சியை மாற்றினார்கள், ஒப்பந்தத் தாளை மட்டும் பழையதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். கடைசி நிறுத்தம்: கருவேலம்பொட்டல்.

"ஃபோன் போட்டுக் கேட்டோம்ணே. திருத்தம் போடணும், கமிட்டி கூடணும்னாங்க. எலெக்சன் முடியட்டும்னாங்க" என்றாள்.

"நீ மறுபடி சித்தி வீட்டுக்குப் போயிட்டியா?"

"போகல."

"அப்ப வேலைக்கு?"

"சொல்றதக் கேளு. மறுநாளு வெள்ளனா ஒரு பிளாஸ்டிக் சேர எடுத்துக்கிட்டுப் பொட்டலுக்குப் போனேன். நட்ட நடுவுல போட்டு உக்காந்துட்டேன். பஸ்ஸு வந்துச்சு. என்னயச் சுத்தித் திருப்ப எடம் இல்ல. பின்னால போகவும் முடியல, நம்ம ஆளுகதான் நிக்கிறாகள்ல. டிரைவர் சின்னப் பையன், தேனிப் பக்கமாம். ஹாரன அடிச்சுப் பாத்தான். அப்புறம் ஜன்னல்ல எட்டி, 'யக்கா, ஏந்திரிங்கக்கா, டைமாகுது'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"'எனக்குக் கால் சரியில்ல தம்பி, ஏந்திரிக்க நேரமாகும். நீ கதவத் தொற, உள்ள வந்து உக்காந்துக்கிறேன்'னேன்."

அவள் தொடர்ந்தாள். அந்தப் பையன் கண்டக்டரைப் பார்த்தானாம். கண்டக்டர் வானத்தைப் பார்த்தாராம். "இங்க ஸ்டாப் இல்லக்கா" என்றானாம் பையன். "ஸ்டாப் இல்லேன்னா நீ ஏன் நிக்கிற?" என்றிருக்கிறாள் இவள். கூட்டமே சிரித்திருக்கிறது. அவனும் சிரித்துவிட்டான். கதவு புஸ்ஸென்று திறந்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க ஜெயமேரி ஏறினாள். அப்புறம் எல்லோரும் ஏறினார்கள்.

ஊர் நிறுத்தத்தில் ஏறிய ஒரு ஆள் உள்ளே பார்த்துவிட்டு, "என்ன, மொத சீட்டே புடிச்சாச்சா?" என்று கேட்டாராம்.

"ஆமாங்க. பின்னால எடம் கெடக்கு, வாங்க, உக்காருங்க" என்று சொன்னாளாம்.

அன்றிலிருந்து கதவு திறக்கிறது. தாள் மாறவில்லை. எந்த நாளும் மேலேயிருந்து ஒரு ஃபோன் வந்து மறுபடியும் மூடலாம். அந்தத் தேனிப் பையனையும் "வர வேணாம்" என்று சொல்லலாம். இதற்குள் வாட்ஸ்அப்பில் ஒரு சுவரொட்டி வந்துவிட்டது. காலனி மக்களின் கோரிக்கையை ஏற்று நிறுத்தம் வழங்கிய தலைவருக்கு நன்றியாம். தலைவர் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். பகைவர்களையும் நேசிக்கச் சொன்ன ஆண்டவர் இந்தச் சுவரொட்டியையும் மனதில் வைத்துத்தான் சொன்னாரா என்று பங்குச் சாமியாரிடம் கேட்க வேண்டும்.

"இப்ப எழுதட்டுமா?" என்று ஜெயமேரியிடம் கேட்டேன்.

"எழுது. என் பேரப் போட்டே எழுது. இனிமே என்னய என்ன செய்வாக, பஸ்ஸுல ஏத்த மாட்டாகளா?"

ஆல்பினை உட்கார வைத்து முழுக் கதையும் சொன்னேன். பாதி தமிழ், பாதி என் ஓட்டை இங்கிலீஷ். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டான். சீட்டில் யார் முதலில் உட்காருவது என்பதற்கு இத்தனை பேர் ஏன் மெனக்கெட்டார்கள் என்பதை மட்டும் எந்தப் பாஷையிலும் என்னால் அவனுக்கு விளக்க முடியவில்லை. விளங்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன். "நீங்க ஓடல" என்றான். அது போதும்.

இதைப் படிக்கிறவர்கள் உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கும், மதுரையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கொடுங்கள். ஆனால் கொடுக்கும்போது கையை வைக்காதீர்கள். காரமாக இருக்கிறதென்று எதையும் எடுக்க வேண்டாம். என்னைத் தியாகி ஆக்கி எதையும் சேர்க்கவும் வேண்டாம். நான் வேலை போனதால் வெளியூர் வந்த ஒரு டிரைவர். அந்தக் கதவு எந்தக் கட்சிக்காகவும் திறக்கவில்லை. சூசை மகள் ஜெயமேரி நகர மாட்டேன் என்று உட்கார்ந்ததால் திறந்தது. அன்றைக்குச் சிம்மக்கல் வரை அவள் உட்கார்ந்தேதான் போனாள். இதில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது.